ஒரு வகைக்கு ஓர் ஆள்

தென்துருவக் கடலின் அடித்தரையில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற விவரம் தெரிந்த ஆள் கெடா மாநிலத்திலேயே முருகையா ஒருவன்தான். அதில் பெருமைப்பட்டுக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. திகாம் பத்துவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவன் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணி. ஐஸ் என்ற பொருளை அவன் பார்த்ததெல்லாம் சுங்கைப்பட்டாணி கடைவீதியில், சீவிப் போட்டுச் சிவப்புப் பாகு ஊற்றிக் கொடுக்கும் கிண்ணத்தில்தான். ஜப்பான்காரன் வந்த பிறகு அந்தக் கிண்ணமும் இல்லை.

எல்லாம் தோட்டத்து மேனேஜர் கார்மைக்கேல் துரையால் வந்த வினை. துருவத்துக்குப் போய்வந்த ஒரு கப்பல் கடலடியில் வாரிக்கொண்டு வந்த சரக்கில் நான்கு பெட்டியை, வகை பிரித்துத் தரும்படி சீமையிலிருந்து அவருக்கு அனுப்பியிருந்தார்கள். ரப்பர் மரங்களைவிட அந்த மாதிரி சங்கதிகளில்தான் அவருக்கு நாட்டம். பெட்டிகள் வந்து சேர்ந்த நேரம், துரையின் இரண்டு கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருந்தது. ஸ்டோர் புத்தகத்தில் முருகையாவின் எழுத்து மணிமணியாக இருப்பதைக் கண்டவர், அவனைப் பங்களாவுக்கு அழைத்து மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். அவன் பார்ப்பான், வரைவான். அவர் கேட்டுப் பெயர் சொல்வார். இப்படி எட்டு வருஷம்.

வெறுங்கண்ணுக்குப் பெட்டியில் இருந்தது கல்லில் படிந்த சுண்ணாம்புப் பொருக்கு. லென்சுக்கு அடியில் வைத்தால் அச்சு அசல் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம். வரிசை வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு ஜீவன், வாசலுக்கு ஒரு மூடி. மூடியைத் தள்ளிக் கைகளை நீட்டி இரை பிடிப்பவை ஒரு கூட்டம். இரை தேடாமல், கிளிமூக்கு மாதிரி அலகை வைத்துக்கொண்டு வருகிறவனைக் கவ்வும் காவல்காரக் கூட்டம் இன்னொன்று. முட்டையைப் பொத்தி வைக்கத் தனியாக ஒரு மாடம். அத்தனையும் முதலில் வந்து கல்லில் ஒட்டிய ஒரே உயிரின் வாரிசுகள். குழாயடிச் சண்டை மட்டும்தான் அங்கே இல்லை.

வாசல் எப்படி, முள் எத்தனை, அலகு எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் வகை பிரிக்க வேண்டும். ஆனால் ஒரே கூட்டத்தில் ஓரத்து இளசு ஒரு மாதிரியும், நடுவிலிருக்கும் கிழடு சுண்ணாம்பேறி வேறு மாதிரியும் தெரியும். அதை நம்பி இரண்டு வகை என்று சொன்னால் துரை மேசையைத் தட்டுவார். "அப்பனும் மகனும் வேற வேற சாதியா, முருகையா?" என்பார், தமக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில். இந்தக் கண்டிப்போடு எட்டு வருஷம் பிரித்து, தேறியது ஒன்பது வகை.

நாற்பத்தொன்று டிசம்பரில் துரை நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு பினாங்குப் பக்கம் போனார். பெட்டிகளை ஈரம் படாமல் பார்த்துக்கொள் என்றார். நாய்க்கு இடமிருந்தது, முருகையாவுக்கு இருக்கிறதா என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாற்பத்து மூன்றில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். முதல் லோரியில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஒருவன் மட்டும் காட்டு வழியாக ஓடி வந்தான். கணுக்காலிலிருந்து முட்டி வரை சதையில்லாத காலோடு வந்து, அங்கே காலரா என்றும், செத்தவனைப் புதைக்கிறவன் மறுநாள் சாகிறான் என்றும் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் தானும் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு சயாம் என்ற சொல்லைக் கேட்டாலே லயத்தில் அடுப்பு அணைந்தது.

இரண்டாம் லோரிக்கு ஆள் எடுக்க வந்த லெப்டினன்ட் பங்களாவிலேயே தங்கினான். மைக்ராஸ்கோப்பைப் பார்த்தான், பெட்டிகளைப் பார்த்தான், பினாங்கில் இருந்த தங்கள் நாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதினான். பதில் உடனே வந்தது: அரிய சேகரம், நானே வந்து பார்க்கிறேன், அதுவரை அதைப் பராமரிக்கிறவர்களைத் தொடக் கூடாது.

லெப்டினன்ட் ஒழுங்குப் பிரியன். முருகையாவை வரச் சொன்னான். பக்கத்தில் முகம்மது ஹனீபா நின்றார். சுங்கைப்பட்டாணியில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையில் சரக்கு தீர்ந்ததும் மலாயும் கொஞ்சம் ஜப்பானும் பேசத் தெரிந்த நாக்கு மட்டும் மிஞ்சி, அதற்கு இந்த மொழிபெயர்ப்பு வேலை கிடைத்திருந்தது.

"எத்தன வகைன்னு கேக்குறாரு தம்பி."

"ஒம்போது."

லெப்டினன்ட் எழுதிக்கொண்டு ஏதோ சொன்னான். ஹனீபாவின் முகம் மாறியது. "ஒரு வகைக்கு ஓர் ஆளாம். ஒம்போது பேரு எழுதிக் குடுக்கணும். அவுங்களுக்கு லோரி கெடையாது." பிறகு, அதே குரலில், மொழிபெயர்ப்பது போலவே தொடர்ந்தார்: "நெசமா ஒம்போதுதானா? வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சா என்னா லா?"

வாய் திறந்தாகிவிட்டது. முருகையா பேனாவோடு உட்கார்ந்தான். லோரிப் பட்டியலில் நாற்பது பேர். அதில் ஏழாவது பெயர் இருளப்பன், அவன் தங்கை இராசாத்தியின் புருஷன். இராசாத்திக்கு ஐந்தாம் மாசம்.

அந்தப் பெயரைத்தான் அவன் முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. முதலில் தங்கச்சி புருஷனைக் காப்பாத்திக்கிட்டான் பாரு என்று நாளைக்கு லயத்தில் பேசுவார்கள் என்று தோன்றியது. இரண்டு வருஷமாக ஸ்டோரில் அரிசி அளந்தும் ஒரு பிடிகூடத் தன் வீட்டுப் பக்கம் சாயவில்லை என்று பெயரெடுத்தவன். அந்தப் பெயர் கெடாமல், ஒன்பது இடத்தையும் ஒன்பது வீட்டுக்குப் பங்கு வைத்தான். நல்லவன் என்ற பட்டத்துக்கு ஆகும் செலவைத் தங்கை தலையில் கட்டுகிறோம் என்பது, கையெழுத்துப் போட்டு மை காய்ந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அன்று சாயங்காலமே இராசாத்தி வந்தாள்.

"ஏண்ணே, மருதம்மா மவன் ரெண்டாம் நம்பராமே? இருளாயி வீட்டுக்காரரு ஆறாம் நம்பராமே? ஊருக்கெல்லாம் பூச்சி குடுத்தீங்க, என் வீட்டுக்கு மட்டும் தீந்து போச்சா?"

"இல்லம்மா, அது வந்து..."

"வந்து என்னா? ஊரு மெச்சணும். மெச்சட்டும். எம் புள்ள பொறந்து அப்பன் எங்கேன்னு கேட்டா, மாமனை ஊரு மெச்சுச்சுடான்னு சொல்லிக்கிறேன்."

பின்னால் நின்ற இருளப்பன் சிரித்தான். அவனுக்கு எதற்கும் சிரிப்பு. "வுடு புள்ள. மச்சானே ஒரு பூச்சி மாதிரிதான் இருக்காரு, அவர நான் பாத்துக்குறேன்னு எழுதச் சொல்லு."

மறுநாள் விடிந்ததும் முருகையா பத்தாவது வகையாக ஒரு பொய்யைத் தயார் செய்ய உட்கார்ந்தான். நான்காம் வகையின் பெட்டியை எடுத்தான். அது கணிசமான குடும்பம். அதிலிருந்து ஒரு துண்டை உடைத்துத் தனி வகை என்று எழுதினால் எவனுக்குத் தெரியும்? துண்டு துண்டாக எடுத்து, எதில் பொய் சொன்னால் நிற்கும் என்று பார்த்துக்கொண்டே போனான். சன்னலோரக் காலை வெயில் கண்ணாடித் தட்டில் விழுந்தது. ஒரு துண்டைச் சாய்த்தபோது கை நின்றது.

ஓரத்து இளம் அறைகளில், வாசலுக்கு உள்பக்கம், கீழே ஒரு பல். நான்காம் வகைக்குப் பல் கிடையாது. அலகோ எல்லா அறையிலும் இடப்பக்கம் மட்டும். நான்காம் வகைக்கு இரண்டு பக்கமும் உண்டு. நடுவிலிருந்த கிழட்டு அறைகளில் சுண்ணாம்பு ஏறி எல்லாம் மூடிப் போயிருந்ததால் எட்டு வருஷமாக அவனும் பார்க்கவில்லை, துரைக்கோ பார்க்கக் கண் இல்லை. மூன்று முறை எண்ணினான். பொய் சொல்ல வந்த இடத்தில் மெய்யாகவே பத்தாவது வகை இருந்தது.

அந்த ஒரு மணி நேரம் முருகையா யுத்தத்தை மறந்தான். எழுந்து நின்று, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், துரையின் காலி நாற்காலியைப் பார்த்து, "அப்பனும் மவனும் இல்லீங்க தொர. வேற குடும்பம்," என்றான். பிறகு ஓடிப்போய்ப் பத்தாம் எண்ணுக்கு நேரே இருளப்பனின் பெயரை எழுதினான். இது நிஜம். இதை எவனாலும் அசைக்க முடியாது. தங்கைக்கு முதலில் கொடுக்காவிட்டாலும் உறுதியானதைக் கொடுத்தாயிற்று என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்பது பத்தாகும் என்று தெரிந்த பிறகு லயம் சும்மா இருக்குமா? வாசலில் வந்து நின்றார்கள். யாரும் கெஞ்சவில்லை, சும்மா நின்றார்கள், அதுதான் தாங்கவில்லை. கிழட்டு அறைகள் ஒரு வகையாயின, இளசு ஒரு வகையாயிற்று. பாதி உடைந்தது ஒன்று, தலைகீழாக ஒட்டியது ஒன்று. துரை இருந்திருந்தால் மேசை உடைந்திருக்கும். மூன்று வாரத்தில் பத்து இருபத்து மூன்றாயிற்று. இருபத்து மூன்றாவது வெறும் மீன் செதில். அதற்குக் காவல் லயத்தில் மூத்தவரான பக்கிரிசாமி.

லெப்டினன்ட் இருபத்து மூன்று பேருக்கும் எண் போட்ட துணிப்பட்டையைக் கையில் கட்டினான். தினமும் தட்டுகளைப் பூசணம் பிடிக்காமல் வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். பக்கிரிசாமி செதிலுக்கு முன்னால் விறைப்பாக நிற்பார்.

"கிராணி, எம் பூச்சி என்னா திங்கும்?"

"அது செத்து இருவது வருசம் ஆவுது அண்ணே."

"பாவம். ஆனா ஒன்னு, நம்மள விட வசதியா செத்துருக்கு."

இரண்டாம் லோரியும் மூன்றாம் லோரியும் அவர்களைத் தொடாமல் போயின. முருகையாவுக்குத் தூக்கம் போய்விட்டது. வகை கூடக் கூட, பேராசிரியர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் அவர் வந்தார். கரிப்புகையில் ஓடும் கார் வழியெல்லாம் நின்று நின்று வந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. மெலிந்த மனிதர், தடித்த மூக்குக் கண்ணாடி. முருகையாவின் ஓவியங்களைப் பார்த்ததும் எழுந்து, கிராணியான அவனுக்குத் தலை குனிந்து வணங்கினார். அவனை இதுவரை யாரும் வணங்கியதில்லை. திரும்ப என்ன செய்வதென்று தெரியாமல் அவனும் குனிந்து, மேசையில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

முருகையா இதற்கு ஒரு திட்டம் வைத்திருந்தான். சந்தேகமான சரக்கையெல்லாம் முதலில் காட்டிவிடுவது. அவர் சிலதைத் தள்ளினாலும், கடைசியில் பந்தியில் பாயசம் மாதிரி பத்தாம் வகையை எடுத்து வைத்தால், அந்த இனிப்பில் மீதியை மன்னித்துவிடுவார். விருந்து சாப்பிட்டு இரண்டு வருஷம் ஆனவனுக்கு வேறு எப்படித் திட்டம் வரும்?

பேராசிரியர் பொறுமையாகப் பார்த்தார். தள்ளும்போதுகூடக் கோபப்படவில்லை. "இது அதன் முதிய பகுதி," "இது அதே கூட்டத்தின் உடைந்த துண்டு," என்று மெதுவான ஆங்கிலத்தில் சொல்லி ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். நகர்ந்த ஒவ்வொரு தட்டுக்கும் வாசலுக்கு வெளியே வரிசையில் நின்ற ஒரு மனிதன் இருந்தான். மீன் செதிலைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வாசலில் பக்கிரிசாமியும், என்ன ஏதென்று தெரியாமல், மரியாதைக்குச் சிரித்தார்.

பாயசம் வந்தபோது வெளிச்சம் போயிருந்தது. மண்ணெண்ணெய் கிடையாது, தேங்காயெண்ணெய் விளக்கு மினுக்கியது. பேராசிரியர் வெகுநேரம் குழாய்க்குள் பார்த்தார்.

"நான்காம் வகைதான்."

"இல்லை ஐயா. உள்ளே பல் இருக்கிறது. அலகு இடப்பக்கம் மட்டும். நாற்பது அறையில் எண்ணினேன்."

"எனக்குத் தெரியவில்லை."

"இருக்கிறது ஐயா. சத்தியமாக இருக்கிறது."

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பார்வையில் கடுமை இல்லை, களைப்புதான் இருந்தது. "மீன் செதிலுக்கு எண் கொடுத்தவர் நீங்கள். எதற்காக என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் இல்லாததை இருக்கிறதென்று நான் கையெழுத்துப் போட முடியாது. உங்கள் துரை சரியாகத்தான் பிரித்திருக்கிறார். ஒன்பது."

முருகையா வாய் திறந்தான். பதின்மூன்று பொய் சொன்ன வாய். அதிலிருந்து ஒரு மெய்யை வெளியே எடுக்க வழி தெரியவில்லை.

லெப்டினன்ட் பதினான்கு பேரின் கைப்பட்டையை அறுத்தான். நாளைக் காலை ஏழு மணிக்கு லோரி.

அன்று இரவு இராசாத்தி கத்தவில்லை. அண்ணன் காலைப் பிடித்தாள். "அந்த ஒம்போதுல ஒன்ன அடிச்சுட்டு இவர எழுதுங்கண்ணே. ஒன்னே ஒன்னு." முருகையா பட்டியலை எடுத்தான். ஒன்று மருதம்மாளின் ஒரே மகன். அடுத்தது நான்கு பிள்ளைக்காரன். பேனா ஒவ்வொரு பெயர் மேலும் போய்ப் போய் வந்தது. கடைசியில் இருளப்பன்தான் பட்டியலைப் பிடுங்கி மடித்து அவன் சட்டைப்பையில் செருகினான். "போதும் மச்சான். எழுத்து நல்லாருக்கு, அடிச்சு கெடுக்காதீங்க."

ஏழு மணி என்பது டோக்கியோவின் ஏழு மணி. ஜப்பான்காரன் வந்தவுடன் மலாயா முழுதும் கடிகாரத்தை அவன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். சூரியனை மட்டும் திருப்பத் தெரியவில்லை. ஏழு மணிக்குத் திகாம் பத்துவில் கும்மிருட்டு. எட்டுக்கு மேல்தான் விடியும். முகம் தெரியாத இருட்டில் பதினான்கு பேரும் லோரியில் ஏறினார்கள்.

"மச்சான்," என்றது இருளப்பனின் குரல். "எனக்குக் குடுத்தது நெச பூச்சிதானே?"

"நெசந்தான் மச்சான். சத்தியமா."

"அப்ப அந்தக் கண்ணாடிக்காரன்தான் குருடு. நம்ம மேல தப்பில்ல." சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு என்ஜின் சத்தம் மட்டும்.

எட்டரைக்கு வெயில் வந்தது. முருகையா பங்களாப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். உள்ளே பேராசிரியர் ஊருக்குப் புறப்படுமுன் தட்டுகளைப் பெட்டிகளில் அடுக்கி மூடிக்கொண்டிருந்தார். மூடியவர் ஏனோ ஒரு தட்டை வெளியே எடுத்துச் சன்னல் பக்கம் கொண்டு போனார்.

"முருகையா அவர்களே."

அவன் போனான்.

"பல் இருக்கிறது," என்றார் பேராசிரியர். அவர் முகமெல்லாம் மகிழ்ச்சி. "அலகு இடப்பக்கம் மட்டும். நீங்கள் சொன்னது சரி. இது யாரும் எழுதாத வகை. நேற்று வெளிச்சம் போதவில்லை. மன்னிக்க வேண்டும்." மறுபடி குனிந்து வணங்கினார்.

முருகையா வணங்கவில்லை. "ஐயா, ஒரு கடிதம்," என்றான். அவர் விஷயம் புரிந்து அவசரமாக எழுதிக் கொடுத்தார். லெப்டினன்ட் கடிகாரத்தைப் பார்த்தான். ரயில் ஒன்பதரைக்கு என்றான். கார் தரமாட்டேன் என்றான். சைக்கிள் டயருக்குள் காற்றில்லை, தென்னங்கயிறுதான் திணித்திருந்தது. அதை மிதித்துக்கொண்டு முருகையா சுங்கைப்பட்டாணிக்குப் போனான். வழியெல்லாம் வெயில் நல்ல வெயிலாக, எதையும் பார்க்கத் தோதான வெயிலாக அடித்தது.

பிளாட்பாரத்தில் ஒரு சீனர் கரித்துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். "சுடா ஜாலான்," என்றார், கேட்காமலே. போய்விட்டது.

மத்தியானம் திரும்பியபோது லெப்டினன்ட் புதிய பட்டியலை வைத்திருந்தான். பேராசிரியரின் விதிப்படி புதிய வகை அதன் சொந்தத்துக்குப் பக்கத்தில், ஐந்தாவதாக வந்தது. மற்ற எண்களெல்லாம் ஒன்று தள்ளிப் போயிருந்தன. பெயரும் வைத்தாகிவிட்டது, பேராசிரியருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரின் பெயர்.

"பத்து வகை," என்றார் ஹனீபா. அவர் முருகையாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னும் ஒரு ஆள் பேரு கேக்குறாரு தம்பி."

"இருளப்பன்."

"அவன்தான் போயிட்டானே."

"வர்ற வரைக்கும் அந்த எடம் காலியா இருக்கட்டும்."

ஹனீபா அதை மொழிபெயர்த்தார். லெப்டினன்ட் முடியாதென்று தலையை அசைத்தான். காலி இடம் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை அடுத்த லோரி. முருகையா பேனாவை எடுத்து, குழந்தைவேலு என்று எழுதினான். போன மாசம் கல்யாணமான பையன். எழுத்து வழக்கம் போல மணிமணியாகத்தான் விழுந்தது.

லயத்துக்குள் செய்தி அவனுக்கு முன்பே போயிருந்தது. இராசாத்தி அறை வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"புதுசா ஒருத்தரச் சேத்தாங்களாமே. என்னா பூச்சிண்ணே அது?"

முருகையா அவளைப் பார்த்தான். நிஜத்தைச் சொல்லலாம். உன் புருஷனுடையதுதான் அம்மா, சூரியன் ஒன்றரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் அவன் இப்போது இங்கே உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருப்பான் என்று சொல்லலாம். அதைக் கேட்டுவிட்டு, தினமும் விடியும்போதெல்லாம் அவள் என்ன செய்வாள்?

"வேற பொட்டியில இருந்தது," என்றான். "இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சோம்."

"அப்ப அவருக்குக் குடுத்தது?"

"அது... அது பொய்தாம்மா. பக்கிரிசாமிக்குக் குடுத்த மாதிரிதான்."

அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"மருதம்மா மவனுக்கு நெசம்," என்றாள். "இருளாயி புருசனுக்கு நெசம். இப்ப நேத்து வந்த கொழந்தவேலுக்கும் நெசம். கூடப் பொறந்தவ நான். எனக்கு மீன் செதிலு."

"ஆமாம்மா."

"வாயத் தொறந்து ஆமான்னு வேற சொல்றீங்க."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு பக்கத்து அறைகளிலும் பேச்சு நின்றது. சுவர்கள் மெல்லியவை, எல்லாரும் கேட்டிருப்பார்கள். பங்களாவில் புது வகையைச் சுத்தமாக வரைந்து தர வேண்டும், பேராசிரியரின் கார் மூன்று மணிக்குப் புறப்படும் என்று ஹனீபா சொல்லி அனுப்பியிருந்தார். முருகையா போய் உட்கார்ந்து, ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அறையாக வரைந்தான். ஒவ்வொன்றிலும் பல் தெளிவாகத் தெரிந்தது.